தூங்க வைக்கும் இலந்தைக் கொட்டை

போன வருஷம் ஆறு மாசம் எனக்கு ராத்திரி சப்போர்ட். சிங்கப்பூர்ல உக்காந்துகிட்டு அமெரிக்காக்காரன் நேரத்துக்கு ஆணி புடுங்குற வேலை. அது முடிஞ்சு பகல் ஷிஃப்டுக்கு மாத்தின பிறகும் தூக்கம் மட்டும் திரும்பி வரலை. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கும், மண்டைக்குள்ள மட்டும் சர்வர் லாக் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு மணி, மூணு மணிக்கெல்லாம் எதிர் பிளாக்ல யார் வீட்டு லைட் எரியுதுன்னு எண்ணிக்கிட்டுப் படுத்திருப்பேன்.

எங்க டெஸ்டிங் டீம்ல ஒரு சீன அக்கா இருக்காங்க. என் கண்ணைப் பார்த்துட்டு ஒரு நாள் காகிதப் பொட்டலம் ஒண்ணைக் கொண்டுவந்து மேசையில வச்சாங்க. உள்ள ஏதோ கொட்டை, காய்ஞ்ச வேர், சாக்பீஸ் துண்டு மாதிரி வெள்ளையா ஒண்ணு. "ஆயிரத்து எண்ணூறு வருஷமா எங்க ஜனங்க குடிச்சுப் பார்த்த மருந்து, தைரியமா கொதிக்க வச்சுக் குடி"ன்னாங்க.

நான் குடிக்கலை. அதுக்குப் பதிலா தேட ஆரம்பிச்சேன் (பொட்டி தட்டுறவன் புத்தி வேற எங்க போகும்!). அந்த 'ஆயிரத்து எண்ணூறு வருஷமா குடிச்சுப் பார்த்த' என்கிற வார்த்தைதான் உறுத்திக்கிட்டே இருந்தது. குடிச்சாங்க, சரி. எதைக் குடிச்சாங்க? அத்தனை வருஷமும் ஒரே மருந்தைத்தானா? தூக்கம் வராத ராத்திரிகளுக்கு நல்ல வேலை கிடைச்சது.

மருந்தோட பேரு சுவான் ஜாவ் ரென் டாங். 'சுவான் ஜாவ்' என்றால் புளிப்பு இலந்தை, 'ரென்' என்றால் பருப்பு, 'டாங்' என்றால் கஷாயம். ஆக, புளிப்பு இலந்தைப் பருப்புக் கஷாயம். இலந்தைன்னதும் உங்க எல்லாருக்கும் எல்.ஆர்.ஈஸ்வரி பாட்டுதான் ஞாபகம் வந்திருக்கும், தெரியும் :-) இது நம்ம ஊரு இலந்தை இல்லை, அதுக்குப் பங்காளி. ஹெபெய், ஷான்ஷி மாதிரி வடசீன மாகாணங்களின் காய்ஞ்ச மலைச்சரிவுகளில் முள்ளும் புதருமா மண்டிக் கிடக்கும். பழத்தில் சதை கொஞ்சம்தான், கொட்டைதான் பெருசு. அந்தக் கொட்டையை உடைச்சு உள்ளே இருக்கும் பருப்பைத்தான் எடுக்கிறாங்க.

எழுதி வச்சவர் ஜாங் ஜோங்ஜிங். ஹான் பேரரசு சரிஞ்சு மூணு ராஜ்ஜியமா உடைஞ்சுக்கிட்டிருந்த காலம். கி.பி. 150 வாக்கில் பிறந்து 219 வாக்கில் இறந்தார்னு சொல்றது வழக்கம். சீன மருத்துவத்தில் அவருக்கு இருக்கிற இடத்தைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும், அந்தக் காலத்து அதிகாரபூர்வ வரலாற்று நூல்களில் அவருக்குன்னு ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. அவரைப் பத்தி நமக்குக் கிடைக்கிற முக்கியமான தகவல் அவர் பேரில் இருக்கும் முன்னுரையிலேயே இருக்கு. அவங்க குலத்தில் இருநூறு பேருக்கு மேல இருந்தாங்களாம். 196ஆம் வருஷம் தொடங்கி பத்து வருஷம் முடியறதுக்குள்ள அதில் மூணில் ரெண்டு பங்கு பேர் செத்துப்போயிட்டாங்க. செத்தவங்களில் பத்துக்கு ஏழு பேர் குளிர் தாக்கி வந்த ஜுரத்தில் போனவங்க. அந்தத் துக்கத்தில்தான் பழைய நூல்களையெல்லாம் தேடிச் சேர்த்து 16 பகுதியா ஒரு மருத்துவ நூலை எழுதினதா அந்த முன்னுரை சொல்லுது.

இருநூறு பேரில் மூணில் ரெண்டு பங்கு! கல்யாண வீட்டு குரூப் போட்டோ ஒண்ணை எடுத்து, மூணு பேருக்கு ரெண்டு பேரை அழிச்சுப் பாருங்க. அப்படிப்பட்ட ஆளு தூக்கம் வராததுக்கு மருந்து எழுதியிருக்கார்னா, அதில் கொஞ்சம் சொந்த அனுபவமும் இருந்திருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு. ஆதாரம் கேக்காதீங்க.

மருந்துக் குறிப்பு ரொம்பச் சின்னது. யாருக்கு என்பது ஒரே வரி. உடம்பு ஓய்ஞ்சு, உள்ளே வெறுமையான ஒரு தவிப்பு இருந்து, தூங்க முடியாதவங்களுக்கு, அவ்வளவுதான். படிச்சதும் 'அட, நம்மளைத்தான் சொல்றாரு'ன்னு தோணிச்சு. அப்புறம் சரக்குகள். புளிப்பு இலந்தைப் பருப்பு 2 ஷெங். அதிமதுரம் 1 லியாங். மீதி மூணும் தலைக்கு 2 லியாங்: ஜிமு என்கிற கிழங்கு (நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கோட குடும்பம்), பைன் மரவேரில் வளரும் ஃபூலிங் என்கிற காளான் (பொட்டலத்தில் இருந்த சாக்பீஸ் இதுதான்), கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த சுவான்ஷியோங் என்கிற வேர். செய்முறை: 8 ஷெங் தண்ணியில் பருப்பை மட்டும் போட்டு 6 ஷெங்கா சுண்டக் காய்ச்சணும். பிறகு மத்த நாலையும் போட்டு 3 ஷெங்கா வத்த விடணும். மூணு வேளையா வெதுவெதுப்பா குடிக்கணும்.

ஏன் வேலை செய்யுது என்பதற்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. விளக்கமெல்லாம் பின்னால் வந்த உரைகாரர்கள் சேர்த்தது. 1729ல் யோவ் யி என்பவர் எழுதின உரை எனக்குப் பிடிச்சது. விழிச்சிருக்கும்போது மனுஷனோட ஆவி கண்ணில் தங்கியிருக்கும், தூங்கும்போது கல்லீரலுக்குள்ள போய் அடங்கும், கல்லீரல் வலு குறைஞ்சு போனா ஆவிக்கு அடங்க இடம் இல்லாம அலையும் என்பது அவர் சொல்றதோட சாரம். ஆவி வீடு திரும்ப வழி பண்றதுதான் மருந்தோட வேலையாம். மூலநூலுக்கும் இந்த உரைக்கும் நடுவுல ஆயிரத்து ஐநூறு வருஷம் என்பதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்குங்க.

இனிமேதான் கதையே.

ஜாங் எழுதின நூல் அப்படியே நம்ம கைக்கு வரலை. போரில் சிதறிப்போச்சு. மூணாம் நூற்றாண்டில் வாங் ஷுஹெ என்கிற அரசு மருத்துவர் கிடைச்சதைத் திரட்டினார். அதுவும் பல கைகள் மாறிச்சு. 11ஆம் நூற்றாண்டில், சோங் அரசர்களின் தலைநகரான கைஃபெங்கில், வாங் ஜு என்கிற அறிஞர் அரசு நூலகத்தில் செல்லரிச்ச பழைய ஏடுகளைக் குடைஞ்சுக்கிட்டிருந்தப்ப மூணு சுருள் கிடைச்சது. ஜாங்கோட நூலின் சுருக்கம். பிரதி எடுத்து நாலைஞ்சு நண்பர்களுக்குக் கொடுத்ததோட சரி.

1057ல் மருத்துவ நூல்களைத் திருத்திப் பதிப்பிக்க அரசாங்கமே ஒரு அலுவலகம் தொடங்கினது. லின் யி என்பவர் அங்கே முக்கியமான ஆள். 1066 வாக்கில் அவங்க இந்தச் சுருள்களைக் கையில் எடுத்தாங்க. பழைய பிரதியில் நோய்க்குறிகள் ஒரு பக்கமும் மருந்துக் குறிப்புகள் தனியா வேறொரு சுருளிலும் இருந்திருக்கு. அவசரத்துக்குப் பார்க்க வசதியா இருக்கணும்னு இவங்க ஒவ்வொரு நோய்க்குறிக்கும் கீழே அதுக்கான மருந்தைக் கொண்டுவந்து ஒட்டினாங்க. நம்ம பாஷையில் சொன்னா கோடை ரீஃபேக்டர் பண்ணிட்டாங்க. அதுதான் இன்னிக்கு 'ஜின் குய் யாவ் லுவே' என்கிற பேரில் இருக்கிற நூல். தங்கப் பெட்டிக்குள்ள வச்ச சாரம்னு அர்த்தம் வரும்.

நம்ம இலந்தைப் பருப்புக் கஷாயத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கு. ஷென் என்கிற துறவி மருத்துவரோட பிரதியில் இதோட இஞ்சி 2 லியாங் சேர்ந்திருக்குன்னு. யாரோ ஒரு புரோகிராமர் போட்டுட்டுப் போன கமெண்ட் மாதிரியே இல்லை? வேறொரு வெர்ஷன் சுத்திக்கிட்டிருந்தது என்பதுக்கு சாட்சி. இஞ்சி சேர்க்கிறதா வேண்டாமா என்கிறதில் அப்பவே ரெண்டு கட்சி.

இஞ்சியாவது போகட்டும். பருப்பைப் பத்தியே பெரிய சண்டை நடந்திருக்கு.

தாவ் ஹோங்ஜிங் (456–536) என்று ஒரு தாவோயிஸ்ட் அறிஞர். பழைய மூலிகை நூல்களுக்கு உரை எழுதினவர். புளிப்பு இலந்தை தூக்கமின்மையைத் தீர்க்கும்னு எழுதியிருக்கிற இடத்துக்கு வந்ததும் அவருக்குச் சந்தேகம். கிழக்குப் பக்கத்து ஜனங்க தூக்கத்தை விரட்டத்தானே இதைத் தின்கிறாங்க, இதென்ன நேர்எதிரா இருக்கு என்று குறிச்சு வச்சுட்டார். தீர்வெல்லாம் சொல்லலை. அப்பட்டமான பக் ரிப்போர்ட்.

இந்த ஒரு டிக்கெட்டை மூட சீன மருத்துவம் ஐநூறு வருஷத்துக்கு மேல மெனக்கெட்டிருக்கு. 659ல் டாங் அரசு வெளியிட்ட மூலிகை நூல், பழைய நூல் பழத்தைத்தான் சொல்லுது, பருப்பைச் சொல்லவே இல்லையேன்னு கேட்டது. 974ல் வந்த சோங் காலத்து நூல் கொஞ்சம் புத்திசாலித்தனமா வழி கண்டுபிடிச்சது: சதை புளிப்பு, அதைத் தின்னா தூக்கம் போகும். உள்ளே இருக்கிற பருப்பு தூக்கம் வரவைக்கும். மாஹுவாங் செடியோட தண்டு வேர்வையை வரவைக்குது, அதே செடியோட வேர் வேர்வையை நிறுத்துது, அந்த மாதிரி இது. எனக்கு என்னவோ இதோட டிக்கெட்டை மூடியிருக்கலாம்னு தோணுது. புளிப்பா எதையாவது மென்னுக்கிட்டிருந்தா தூக்கம் கலையறது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தானே, பஸ்ல புளிப்பு மிட்டாய் வாங்கி வச்சுக்கிறது எதுக்கு?

மூடலை. 1061ல் சூ சோங் தொகுத்த படங்களோட கூடிய மூலிகை நூலில் இன்னொரு தீர்வு பதிவாச்சு. தூக்கம் அதிகமா வந்தா பருப்பைப் பச்சையா கொடு, தூக்கம் வரலைன்னா வறுத்துக் கொடு, அந்தக் காலத்து வைத்தியர்கள் இப்படித்தான் ரெண்டு விதமா பயன்படுத்தறாங்கன்னு. (இந்த சூ சோங் லேசுப்பட்ட ஆள் இல்லைங்க. லின் யி இருந்த அதே பதிப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பின்னாடி கைஃபெங்கில் தண்ணீரால் ஓடுற பிரம்மாண்ட வானியல் கடிகாரக் கோபுரம் கட்டினவரும் இவரேதான். தனிப் பதிவு போடணும்.)

பச்சைன்னா முழிப்பு, வறுத்தா தூக்கம். கேக்க எவ்வளவு அழகா இருக்கு! ஒரே பொருள், நெருப்பு பட்டதும் குணம் தலைகீழா மாறுது. மனப்பாடம் பண்ண சுலபம், மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்க சுலபம், பழைய முரண்பாடும் தீர்ந்துபோச்சு. 16ஆம் நூற்றாண்டில் லி ஷிஜென் தன்னோட மாபெரும் மூலிகைத் தொகுப்பில் இதையே எடுத்துப் போட்டார். 1596ல் அது அச்சாகி வந்த பிறகு யார் மறுத்துப் பேசுவா? ஜாங்கோட மூலக் குறிப்பில் வறுக்கணும்னு ஒரு வார்த்தை கிடையாது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பச்சைப் பருப்பு தூக்கத்தைக் கலைக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்னு தேடினப்ப ஒரு சோங் காலத்து மருந்துக் குறிப்பு மாட்டினது. லி ஷிஜென்னும் அதை எடுத்துக் காட்டியிருக்கார். எப்பப் பார்த்தாலும் மந்தமா தூங்கி வழியறவங்களுக்கான பொடி. பச்சை இலந்தைப் பருப்பு ஒரு பங்கு. அதோட இஞ்சிச் சாறு தடவி வாட்டின தேயிலை, ரெண்டு பங்கு.

அடப்பாவிங்களா, தேயிலை! பருப்பை விட ரெண்டு மடங்கு தேயிலையைப் போட்டுக் காய்ச்சிக் குடிச்சா கும்பகர்ணனுக்கும் முழிப்பு வருமே! முழிக்க வச்சது டீ, பேரு வாங்கினது பருப்பு. இது என்னோட ஊகம்தான். ஆனா ராத்திரி மூணு மணிக்கு இதைப் படிச்சுட்டுத் தனியா சிரிச்சேன்.

20ஆம் நூற்றாண்டில் இதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. பச்சைப் பருப்பின் சாறும் எலியை அடக்கிப் படுக்க வைக்குது, வறுத்ததும் படுக்க வைக்குது. எதிரெதிர் குணம்னு எதுவும் தெரியலை. பருப்பில் இருக்கிற ஜுஜுபோசைட், ஸ்பினோசின் என்கிற பொருட்கள்தான் காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சி போய்க்கிட்டிருக்கு. இத்தனைக்குப் பிறகும் சீன அரசின் மருந்து நூலில் பச்சைப் பருப்பு, வறுத்த பருப்பு ரெண்டுக்கும் தனித்தனிப் பதிவு இருக்கு. வறுத்தா தோல் வெடிச்சு சாறு நல்லா இறங்கும்னு இப்போ வேற காரணம் சொல்றாங்க. பழைய பேட்ச், புது கமெண்ட்!

அடுத்தது அளவு. எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப் போட்டது இதுதான்.

ஹான் காலத்து லியாங் எவ்வளவு? இப்போ கணக்குப் போடுறவங்க 13.8 கிராம்னும் சொல்றாங்க, 15.6 கிராம்னும் சொல்றாங்க. ரெண்டாவது கணக்குக்கு ஆதாரம் 179ஆம் வருஷம் பொறிச்ச வெண்கல எடைக்கல். ஜாங் உயிரோட இருந்த காலத்தோட கல்லு அது! ஷெங் என்பது நம்ம ஆழாக்கு, படி மாதிரி முகத்தல் அளவு. கி.பி. 9ஆம் வருஷத்து வெண்கல அளவுப் பாத்திரம் ஒண்ணு இன்னிக்கும் தைபேய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கு. அதன்படி 1 ஷெங் சுமார் 200 மில்லி.

ஆனா லியாங் அதே பேரோட வளர்ந்துக்கிட்டே போச்சு. மிங் காலத்தில் அது 37 கிராம் பக்கத்தில். பழைய நூலில் இருக்கிற லியாங்கை அப்படியே போட்டா நோயாளி தாங்குவானா? அதனால் லி ஷிஜென் ஒரு சுருக்கு வழி சொன்னார். பழைய 1 லியாங்னா இப்போ 1 சியென்னு வச்சுக்குங்க, அதாவது பத்தில் ஒண்ணு. 1979ல் சீனாவில் மருந்தளவுகளை கிராமுக்கு மாத்தினப்ப 1 சியென் என்பது 3 கிராம்னு ஆச்சு. ஆக, 14, 15 கிராம்னு எழுதின இடத்தில் இப்போ 3 கிராம். அஞ்சில் ஒரு பங்கு. 1999ல் நாசாவோட செவ்வாய் ஆர்பிட்டர் அலகு குழப்பத்தில் அழிஞ்சது ஞாபகம் இருக்கா? அதே வகை பக், ஆனா இங்கே ராக்கெட் விழாம நானூறு வருஷமா பறந்துக்கிட்டிருக்கு.

எல்லாத்தையும் ஒரே மாதிரி குறைச்சிருந்தா விகிதமாவது மிஞ்சியிருக்கும். மத்த நாலு சரக்கும் எடையில், பருப்பு மட்டும் படியளவில். சுருக்கு வழி எடைக்குத்தான் சரியா உக்காந்தது. இன்னிக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிற அளவைப் பாருங்க: பருப்பு 15 கிராம், அதிமதுரம் 3, மத்தது மூணும் தலைக்கு 6. மூலத்தில் 2 ஷெங் பருப்பு என்றால் 400 மில்லி, எடை போட்டால் 200 கிராமுக்கு மேல வரும். மத்த சரக்கு 2 லியாங், சுமார் 30 கிராம். அப்போ பருப்பு ஏழு மடங்கு. இப்போ ரெண்டரை மடங்கு. பருப்பை மட்டும் தனியா முதலில் போட்டு எட்டை ஆறாக்கச் சொன்னாரே ஜாங், ஏன்னு இப்போ புரியுது. கால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட இருக்கிற கொட்டையில் சாறு இறங்க நேரம் வேணுமில்லையா. 15 கிராமுக்கு எதுக்கு அத்தனை பாடு?

சாம்பாரில் பருப்பை அஞ்சு பங்குக்கு மேல குறைச்சு, புளியையும் பெருங்காயத்தையும் வேற கணக்கில் குறைச்சு, 'இது எங்க கொள்ளுப்பாட்டி காலத்து சாம்பார்'னு பரிமாறின மாதிரி. நல்லாகூட இருக்கலாம். அது வேற விஷயம்.

சரி, இன்னிக்கு இருக்கிற வடிவம் வேலை செய்யுதா? தைவானில் 1995ல் தொடங்கின தேசிய மருத்துவக் காப்பீட்டில் சீன மருத்துவமும் சேர்த்தி. 2002ஆம் வருஷத்துப் பதிவுகளை அலசினவங்க, தூக்கமின்மைக்கு அங்கே அதிகமா எழுதப்பட்ட கூட்டு மருந்து இதுதான்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அங்கே கொடுக்கிறது கஷாயமும் இல்லை, ஆலையில் சுண்டவச்சுப் பொடியாக்கின துகள். 2015ல் வந்த ஒரு தைவான் சோதனையில், மெத்தடோன் சிகிச்சையில் இருக்கிற ஆட்களுக்கு ஒப்புக்கு மருந்தோட ஒப்பிட்டுக் கொடுத்துப் பார்த்து, தூக்கம் கொஞ்சம் தேவலைன்னு வந்திருக்கு. மொத்தமா எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்தவங்க, பலன் இருக்கிற மாதிரிதான் தெரியுது, ஆனா சோதனைகளோட தரம் போதாதுன்னு சொல்றாங்க. நல்லதோ கெட்டதோ, இவங்க சோதிச்சது சமீபத்து மருந்தை. ஜாங் தன் வீட்டு அடுப்பில் காய்ச்சினதை இல்லை.

(டிஸ்கி: நான் வைத்தியன் இல்லை. இதைப் படிச்சுட்டு 200 கிராம் வாங்கிக் காய்ச்சினீங்கன்னா நான் பொறுப்பில்லை. தூக்கம் வரலைன்னா டாக்டர்கிட்ட போங்க. நானும் கடைசியில் அங்கேதான் போனேன். முதல் மருந்தே 'படுக்கையில் போனை எடுத்துட்டுப் போகாதே' என்பதுதான், அவ்வ்வ்வ்.)

இதையெல்லாம் ஒரு நாள் டீ டயத்தில் அந்த அக்காகிட்ட சொன்னேன். கோவிச்சுக்குவாங்கன்னு பயம். பொறுமையா கேட்டுட்டு, "எங்க பாட்டி புத்தகம் பார்த்துக் காய்ச்சலைப்பா, கைப்பிடி அளவுல போடுவாங்க. பக்கத்துலயே உக்காந்து நான் தூங்கற வரைக்கும் முதுகைத் தடவிக் குடுப்பாங்க"ன்னாங்க. எனக்கு அதுக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியலை. எலிக்கு யாரும் முதுகு தடவிப் பார்த்திருக்க மாட்டாங்க.

பொட்டலம் மட்டும் என் டிராயரில் அப்படியே இருந்தது. படிச்சதில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டிருந்தது. இந்தப் பருப்பு விலை அதிகம், அதனால் கலப்படமும் அதிகம். கலக்கிறது எது தெரியுமா? யுன்னானிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வர்ற இன்னொரு இலந்தையோட பருப்பு. அது வேற யாரும் இல்லை, ஸ்கூல் வாசல்ல உப்பு மிளகாய்ப்பொடி தூவி வித்தாங்களே, சாட்சாத் நம்ம இலந்தைதான். அசல் பருப்பு கருஞ்சிவப்பா இருக்கும், ஒரு பக்கம் நடுவுல மேடா ஒரு கோடு ஓடும். நம்ம ஊர்க்காரன் மஞ்சள் கலந்த பழுப்பு, கோடு கிடையாது.

போன ஞாயித்துக்கிழமை பொட்டலத்தைப் பிரிச்சு ஒரு பேப்பர்ல கொட்டி எண்ணிப் பார்த்தேன். நாப்பத்தி ரெண்டு பருப்பில் பதினொண்ணு மஞ்சள். அந்தப் பதினொண்ணை மட்டும் தனியா எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு மேசை மேல வச்சிருக்கேன்.